ஓடினுக்குக் காணி உண்டு, முனியாண்டிக்கு இல்லை

கடவுள் உண்டா, இல்லையா என்னும் வழக்கை நாம் இங்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வழக்கைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் நியாயாதிக்கம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை, எமக்கும் இல்லை. எமது வினா மிகச் சிறியது. மக்கள் கும்பிடும் கல் நிற்கின்ற அந்த நாலு முழ நிலம் யாருடையது? எல்கடுவ மலைகளில் வாழும் ஒரு தமிழ்த் தொழிலாளி இதைக் கேட்டால், “உனக்கெதற்கு இந்தக் கேள்வி? சாமி கும்பிடுவதை யாராவது தடுத்தார்களா?” என்று மறு கேள்வி பிறக்கிறது. தடுக்கவில்லை, மெய்தான். ஆனால் தடுக்காமல் இருப்பது வேறு. உரிமையை ஒப்புக்கொள்வது வேறு. முன்னது துரையின் தயவு, பின்னது சட்டம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்க்க விரும்புவோருக்கு, உலகின் வடகோடித் தீவு ஒன்றில் நடந்த கதை நல்லதோர் அளவுகோலாக அமையும்.

ஐஸ்லாந்து நான்கு இலட்சத்துக்கும் குறைந்த மக்களைக் கொண்ட நாடு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நோர்வேயிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கடல் கடந்து அங்கே குடியேறியவர்கள் பல தெய்வங்களை வணங்கினர். ஞானத்தைப் பெறுவதற்கு ஒரு கண்ணையே விலையாகக் கொடுத்த ஓடின். சம்மட்டியேந்தி இடியை ஆளும் தோர். விளைச்சலுக்கும் மழைக்கும் உரிய பிரெய்ர். அவன் உடன்பிறந்தாள் பிரெய்யா. இத்தெய்வங்கள் எமக்கு முற்றும் அந்நியர் என்று எண்ணவேண்டாம். ஆங்கிலத்தில் வெட்னஸ்டே என்பவன் ஓடினின் பெயரைச் சொல்லுகிறான். தேர்ஸ்டே என்பவன் தோரின் பெயரைச் சொல்லுகிறான். ஞாயிறு தவறாமல் தேவாலயம் சென்ற வெள்ளைத் துரைமார் எமது மலைகளுக்குக் கொண்டுவந்த நாட்காட்டியில், அவர்கள் அறியாமலே, அவர்களுடைய பழைய முனியாண்டிகள் ஒளிந்திருந்தார்கள்!

கி.பி. 1000 அளவில் அந்நாட்டின் பொதுச்சபையாகிய ஆல்திங்கில் பெரும் பிளவு தோன்றிற்று. கிறித்தவத்தை ஏற்றவர் ஒரு பக்கம், பழைய தெய்வங்களை விடமாட்டோம் என்றவர் மறுபக்கம். இரு சாராரும் தனித்தனிச் சட்டம் வேண்டும் என்று கிளம்பிவிட்டனர். சட்டமுரைப்போனாக இருந்த தோர்கெய்ர் என்பவனிடம் முடிவு ஒப்படைக்கப்பட்டது. அவனோ பழைய தெய்வங்களை வணங்கியவன். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்திருந்து சிந்தித்தபின் அவன் எழுந்து சொன்ன தீர்ப்பு: நாட்டுக்கு ஒரே சட்டம், எல்லோரும் திருமுழுக்குப் பெறுக, ஆனால் விரும்பியவர் மறைவில் தம் தெய்வத்துக்குப் பலியிடலாம், சாட்சி வந்தால் மட்டும் குற்றம். இந்தச் சலுகையும் சில ஆண்டுகளில் நீக்கப்பட்டது. தோர்கெய்ர் தன் தெய்வ உருவங்களை ஓர் அருவியில் வீசினான் என்பது கர்ணபரம்பரை. தெய்வங்களின் அருவி என்ற பொருள்படும் பெயரோடு அவ்வருவி இன்றும் விழுந்துகொண்டிருக்கிறது. எல்கடுவவின் ஹுன்னஸ் அருவியைக் காண வரும் உல்லாசப் பயணிகளில் ஐஸ்லாந்துக்காரர் எவரேனும் இருந்தால், அருவிக்கு மேலுள்ள மலைகளில் தம் சாமிகளை ஆற்றில் வீசாத ஒரு மக்கட்கூட்டம் கொழுந்து பறிப்பதையும் அவர் காணலாம்.

ஒரு சட்டத்தரணியின் கண்ணுக்குத் தோர்கெய்ரின் தீர்ப்பில் நயமும் உண்டு, நஞ்சும் உண்டு. உள்நாட்டுப் போரை அது தவிர்த்தது. ஆனால் மறைவில் கும்பிடு, வெளியில் தெரிந்தால் குற்றம் என்ற ஏற்பாட்டில் உரிமை ஏது? பார்த்தும் பாராதது போல் இருக்கும் அதிகாரியின் தயவே அங்கு சட்டமாகிறது. தயவுக்கு ஆயுள் குறைவு என்பதைச் சில ஆண்டுகளிலேயே அம்மக்கள் கண்டுகொண்டார்கள்.

அதன்பின் ஏறத்தாழத் தொள்ளாயிரத்து எழுபது ஆண்டுகள் ஓடினுக்குப் பூசை இல்லை. பெயர்கள் மாத்திரம் நூல்களில் இருந்தன. அந்நூல்களையும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிக் காத்தவர்கள் கிறித்தவர்களே. ஸ்நோரி ஸ்டுர்லுசன் அவர்களுள் தலையாயவர். பழைய தெய்வப் பாடல்களைக் கொண்ட முதன்மையான தோற்சுவடி பல நூற்றாண்டு டென்மார்க் அரசரின் நூலகத்தில் கிடந்து, 1971 ஏப்ரலில்தான் ஐஸ்லாந்துக்குத் திரும்பிற்று. மறு ஆண்டு, 1972 ஏப்ரலில், கோடையின் முதல் நாளன்று, தலைநகர் ரெய்க்யவிக்கில் ஒரு டசின் பேர் கூடி ஆஸாத்ரூ சங்கத்தை அமைத்தனர். ஆஸாத்ரூ என்றால் பழைய தேவர்கள் மீதான பற்று. தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் ஸ்வெய்ன்பியோர்ன் பெயின்டெயின்சன். ஆடு மேய்த்த விவசாயி, பழைய யாப்பில் பாட்டுக் கட்டுபவர்.

அரசாங்கம் தம் சங்கத்தை ஒரு மதமாக அங்கீகரிக்கவேண்டும் என்று அவர்கள் மனுச் செய்தார்கள். ஐஸ்லாந்தில் லுத்தர் திருச்சபைக்கு அரசியலமைப்பிலேயே அரச மதம் என்ற இடம் உண்டு என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். நாட்டின் பேராயர் எதிர்த்தார். ‘கடவுளை’ வணங்கச் சங்கம் அமைக்கலாம் என்றுதானே அரசியலமைப்புக் கூறுகிறது, அது ஒரே கடவுளையல்லவா குறிக்கும், பல தெய்வக் கூட்டத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது அவருடைய வாதம். வாதத்தில் கெட்டித்தனம் இருந்தது என்பதை நாம் மறுக்கமாட்டோம். ஆயினும் அரசு அதை ஏற்கவில்லை. 1973 மே மாதத்தில் அங்கீகாரம் வழங்கிற்று. மனுவோடு போனவர்கள் நீதி மந்திரியைச் சந்தித்துத் திரும்பிய உடனே பெரும் இடி இடித்து நகரில் மின்சாரம் நின்றுபோயிற்று என்று ஒரு கதை அங்கே வழங்குகிறது. இடி தோருடைய இலாகா. மந்திரிகளை அசைக்க எமது தோட்டங்களிலும் இத்தகைய தெய்வம் ஒன்று இருந்தால் நல்லது என்று வாசகர் சிலர் நினைக்கக்கூடும். எமக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை.

அங்கீகாரத்தால் கிடைத்தது என்ன? சங்கத்தின் பூசகர் நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லும். மதச் சங்கங்களுக்கு அரசு தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்தளிக்கும் வரிப்பணத்தில் பங்கு உண்டு. டசின் பேரோடு தொடங்கிய சங்கத்தில் இன்று ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளனர். எமக்கு முக்கியமானது மற்றொன்று: ரெய்க்யவிக் நகரசபை அவர்களுடைய கோயிலுக்காக ஒஸ்க்யூலித் குன்றின் சரிவில் காணி ஒதுக்கிக் கொடுத்தது. 2015 மார்ச்சில், சூரிய கிரகண நாளில், அந்தக் காணியிலே தீ மூட்டி மண் வெட்டினார்கள். ஓடினை உண்மையில் ஒற்றைக் கண்ணனாக எட்டுக்காற் குதிரையில் போகிறவனாக நம்புகிறீர்களா என்று கேட்டால், அவை கவிதை உருவகங்கள் என்று சங்கத்தின் இன்றைய தலைவர், இசையமைப்பாளர் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன், விடை கூறுகிறார். அவ்வளவு தளர்ந்த நம்பிக்கைக்கும் நகரசபை காணி கொடுத்தது! பக்தியின் எடையைத் தராசிலிட்டுப் பார்ப்பது அரசின் வேலையல்ல என்று அந்நாடு விளங்கிக்கொண்டது. டென்மார்க்கில் இத்தெய்வங்களை வணங்கும் சங்கம் 2003 இல் திருமணம் நடத்தும் உரிமை பெற்றது. அமெரிக்காவில் ஒஹாயோச் சிறைக் கைதிகள் தொடுத்த வழக்கில், மனுதாரருள் ஆஸாத்ரூ பற்றாளரும் இருந்தனர், 2005 இல் உச்ச நீதிமன்றம் கைதிகளின் வழிபாட்டைக் காக்கும் சட்டம் செல்லும் என ஏகமனதாகத் தீர்த்தது. 2013 முதல் அமெரிக்கப் படைவீரரின் கல்லறைக் கல்லில் தோரின் சம்மட்டியைப் பொறிக்கவும் அனுமதி உண்டு.

இனி எமது தீவுக்கு வருவோம். ஐஸ்லாந்தில் ஒரு டசின் பேர் கூடிய அதே 1972 ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின், மே 22 இல், இலங்கை குடியரசாயிற்று. புதிய அரசியலமைப்பின் 18 ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் வழிபாட்டுச் சுதந்திரத்தையும் அழகிய சொற்களில் வழங்கிற்று. யாருக்கு? ‘ஒவ்வொரு பிரசைக்கும்.’ அந்த ஒரு சொல்லை வாசகர்கள் நிறுத்தி வாசிக்கவேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப்பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும், எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றும் பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களுக்கு அரசியலமைப்புத் தந்த வழிபாட்டுரிமை எத்தனை? பிரசையல்லாதவனுக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை.

1978 இல் வந்த அரசியலமைப்புச் சற்றே தாராளம் காட்டிற்று. 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தை ‘ஒவ்வோர் ஆளுக்கும்’ அளித்தது. ஆனால் அந்த மதத்தை வெளியில் வழிபாட்டாலும் அனுட்டானத்தாலும் காட்டும் சுதந்திரம் 14 ஆம் உறுப்புரையில் உள்ளது. அது பிரசைக்கு உரியது. நாட்டில் நிரந்தரமாகவும் சட்டப்படியும் வதியும் பிரசையல்லாதவருக்கு, அதே உறுப்புரையின் இரண்டாம் பந்தி, பத்து ஆண்டுகளுக்கு மட்டும் அவ்வுரிமைகளை நீட்டிற்று. பத்து ஆண்டு! காணியைக் குத்தகைக்கு விடுவதைக் கண்டிருக்கிறோம். தேரிழுக்கும் உரிமையைத் தவணை குறித்துக் குத்தகைக்கு விட்ட அரசியலமைப்பை வேறெங்கும் நாம் படித்ததில்லை. உள்ளத்துக்குள் கும்பிடு, அதற்கு எல்லையில்லை. வெளியே கும்பிடுவதற்குத் தவணை உண்டு. தோர்கெய்ரின் பழைய தீர்ப்புக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை என்ன? 1988 ஆம் ஆண்டின் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் சட்டமும் பிரஜாவுரிமைத் தடையை நீக்கின. எனவே இன்று 14 ஆம் உறுப்புரை எமது மக்களுக்கும் உரியதே. சொல் கிடைத்துவிட்டது. நிலம்?

தோட்டத்துச் சாமிகளை அறியாதவர்களுக்குச் சில வார்த்தை. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியிற் செத்தவர் போக எஞ்சியவராய் மாத்தளையை அடைந்தபோது, அவர்களோடு நடந்து வந்தவர்கள் மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியும் மதுரைவீரனும் கருப்பண்ணசாமியுமே. மாத்தளை நகரின் முத்துமாரியம்மன் கோயிலுக்கு அந்த நடைப்பயணத்தின் நினைவு உண்டு. 1983 கலவரத்தில் சேதமுற்று மீண்டும் எழுந்து, மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் கோயில் அது. அதை நாடே அறியும். நாம் பேசுவது அதைப் பற்றியன்று. மலைக்கு மேலே, தேயிலையும் மிளகும் கலந்து நிற்கும் தோட்டங்களில், லயத்தின் முடிவிலும் ஆற்றுத் துறையிலும் பெரிய மரத்தின் அடியிலும் நிற்கின்ற கல்லையும் சூலத்தையும் பற்றியே பேசுகிறோம்.

இந்தத் தெய்வங்களிற் சில இம்மண்ணிலேயே பிறந்தவை. இஸ்டோரின் இயந்திரச் சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். அந்தச் சக்கரம் கையையும் உயிரையும் வாங்காதபடி காவல் நிற்பவர் ரோதமுனி. கவ்வாத்துக் கத்தி தேயிலைச் செடியில் விழுமுன் கும்பிடப்படுபவர் கவ்வாத்துச் சாமி. எந்த ஆகமத்திலும் இவர்களுக்கு இடமில்லை; எந்தப் புராணத்திலும் கதையில்லை. இயந்திரத்துக்கும் கத்திக்கும் முன் நின்ற தொழிலாளி தன் அச்சத்துக்கும் நம்பிக்கைக்கும் தானே ஏற்படுத்திய காவல் அவர்கள். தொழிற்சாலைச் சட்டம் காக்காத கையை ரோதமுனி காப்பாற்றினாரா என்று கேட்பவர் கேட்கட்டும். அந்தக் காலத்தில் அக்கையைப் பற்றிக் கவலைப்பட்டவர் ரோதமுனி ஒருவரே. மாசி மாதத்துக் காமன் கூத்து, பொன்னர் சங்கர் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றையும் இவற்றோடு சேர்த்து எண்ணுக.

இங்கேதான் ஐஸ்லாந்தோடு ஒப்புநோக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அங்கே பூசை அறுந்துபோயிற்று, ஏடு இருந்தது. ஏட்டைப் பார்த்துப் பூசையை மீட்டார்கள். இங்கே பூசை ஒரு நாளும் அறவில்லை, ஏடு இல்லை. உடுக்கும் தப்பும் பூசாரியின் நினைவுமே ஏடு. ஒப்பந்தத்தின் பேரில் பூசாரியின் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறியபோது அந்த ஏடும் கப்பலேறிற்று. எஞ்சிய கல்லுக்கு எந்தப் பெயர், எந்தப் பாட்டு, எந்த நாளில் பொங்கல் என்று சொல்ல ஆளில்லாத இடங்கள் உண்டு. இன்று கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகும் இளைஞனோடு மிச்சமும் போய்க்கொண்டிருக்கிறது. தொள்ளாயிரம் ஆண்டு கழித்து மீட்பதற்கு எமக்கு ஒரு தோற்சுவடியும் கிடையாது. நிற்கின்ற கல்லே சுவடி. அது நிற்கின்ற நிலத்தின் பத்திரமோ வேறொருவர் பெட்டியில்!

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். ஒருவர் நிலத்தைப் பத்து ஆண்டு இடையறாது, எதிருரிமையாக அனுபவித்தவர் அதற்கு உரித்தாளராகலாம் என்பது 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம். நூற்றைம்பது ஆண்டு பொங்கல் வைத்த இடத்துக்கு இது போதாதா என்று எம்மிடம் கேட்காத தோட்டக் கமிட்டித் தலைவர் இல்லை. போதாது. அரசுக்கு எதிராக அந்தப் பத்து ஆண்டு ஓடாது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசின் உடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்கு மாறியபோதும் நிலம் கைமாறவில்லை; குத்தகைதான் மாறிற்று. அவ்வாறு உருவான கம்பனிகளுள் எல்கடுவப் பெருந்தோட்டக் கம்பனி அரசின் கையிலேயே உள்ளது. அரச காணியில் இருப்பவரை வெளியேற்ற 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் நீதவானுக்கு முன் வருபவர் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: அரசு கொடுத்த செல்லுபடியாகும் உத்தரவுப் பத்திரம். பாட்டன் நட்ட சூலம் உத்தரவுப் பத்திரம் ஆகாது.

தண்டனைச் சட்டக்கோவையின் 290 ஆம் பிரிவைச் சிலர் எடுத்துக்காட்டுவர். எந்த வகுப்பாரும் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளையும் சேதப்படுத்துவது குற்றம் என்று அது கூறுகிறது. 1883 இல் ஆங்கிலேயன் இயற்றிய இச்சட்டம் ஒரு வகையில் எமது இன்றைய அதிகாரிகளைவிட அறிவுடையது. ஆகமம் கேட்கவில்லை, கோபுரம் கேட்கவில்லை, பதிவுத் துண்டும் கேட்கவில்லை. மக்கள் புனிதமாகக் கருதினாற் போதும். ஆனால் ஒரு கொக்கி உண்டு: மதத்தை அவமதிக்கும் கருத்தோ, அது அவமதிப்பாகக் கொள்ளப்படக்கூடும் என்ற அறிவோ இருந்திருக்கவேண்டும். பாதை வெட்ட வந்தேன், கல் இடையில் நின்றது, தள்ளினேன் என்பவனிடம் இவற்றில் ஒன்றையேனும் நிரூபிப்பது எளிதன்று.

இவையெல்லாம் ஏட்டுப் பயம் என்று எண்ணுவோருக்கு எல்கடுவவே பதில் சொல்லும். 2023 ஆகஸ்டில், எல்கடுவப் பெருந்தோட்டக் கம்பனிக்குரிய ரத்வத்தைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், தொழிலாளர் குடும்பம் ஒன்று கட்டியிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரியொருவர் உடைத்தெறிந்த காட்சியை நாடு முழுவதும் கண்டது. மந்திரி வந்தார், வாக்குவாதம் நடந்தது, பத்திரிகைகள் எழுதின. நாம் அந்தக் காட்சியில் கவனித்தது வேறு. உடைத்தவர் தாம் சட்டத்தின் பக்கம் நிற்பதாக நம்பினார். மனிதன் படுத்துறங்கும் கூரைக்கே இந்தக் கதியெனில், கூரையில்லாத கல்லின் கதி என்ன?

எமது நண்பர்களில் சிலர் இந்தப் பிரச்சினைக்கு எளிய வழி சொல்லுகிறார்கள். முனியாண்டியை எடுத்துவிட்டுப் பிள்ளையாரை வை, கோபுரம் கட்டு, ஐயரை அழை, பிறகு திணைக்களத்தில் பதியலாம், மதிப்பும் வரும் என்பது அவர்கள் யோசனை. விரும்பிச் செய்பவரை நாம் தடுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் படுவதற்காக ஒரு தெய்வம் தன் முகத்தை மாற்றிக்கொள்ளவேண்டும் என்றால், மதச் சுதந்திரம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? ஐஸ்லாந்துப் பேராயரின் வாதமும் இதுதானே? எமக்குப் பிடித்த மாதிரிக் கடவுளைக் கொண்டுவா, அங்கீகரிக்கிறோம்! பலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயிற் பலிக்குத் தடை விதித்தது. 2018 இல் மந்திரிசபை இந்துக் கோயில்களில் மிருக பலியைத் தடுக்கும் யோசனையை ஏற்றது. ஆடு வெட்டுவதில் எமக்குப் பிரியமில்லை. வடநாட்டுச் சங்கத்தாரும் இன்று பலியிடுவதில்லை, மதுவை வார்த்து வாழ்த்துப் பாடுவதோடு அமைகிறார்கள். ஆனால் அவர்கள் தாமே கூடித் தாமே எடுத்த முடிவு அது. இறைச்சிக் கடையில் ஆறு நாளும் சட்டத்தோடு வெட்டப்படும் ஆடு, முனியாண்டி முன் ஆண்டுக்கொரு நாள் வெட்டப்படும்போது மட்டும் நாகரிகக் கேடாகிறதென்றால், கேட்டின் இருப்பிடம் ஆடா, முனியாண்டியா என்று ஐயுறுகிறோம்.

இத்துடன் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டியவராயுள்ளோம். ஓடினின் பெயரைச் சொல்லி நல்லவர்கள் மட்டும் கூடவில்லை. ஜெர்மனியில் நாஜிக் கொலைப்படையின் சீருடையில் இருந்த மின்னற் கீற்றுப் போன்ற எழுத்து அந்த வடநாட்டுப் பழைய எழுத்தே. இன்றும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், இத்தெய்வங்கள் வெள்ளை இனத்துக்கு மட்டுமே உரியவை, இரத்தமே தகுதி என்று முழங்கும் கும்பல்கள் உள்ளன. ஐஸ்லாந்துச் சங்கம் அவர்களைத் திட்டவட்டமாக மறுத்துவிட்டது. ஒருபாற் திருமணத்தை ஆதரித்ததற்காக அச்சங்கத்துக்கு அந்த வெறியரிடமிருந்து வசைக் கடிதங்கள் வந்தன. இது எமக்கு வெகுதூரத்துச் செய்தியன்று. இந்தச் சாமி எங்கள் வகுப்புச் சாமி, மற்றவன் தொடக்கூடாது என்று லயத்துக்கு லயம் கோடு கிழிக்கும் வழக்கம் எமது மலைகளில் இன்னும் முற்றாக மாளவில்லை. இரத்தத்தைத் தகுதியாக்கும் அந்த வெறியனுக்கும் சாதிக்கொரு கல் கேட்பவனுக்கும் பரப்பளவில்தான் வேற்றுமை. காணி கேட்டு ஒன்றாய்ப் போகவேண்டிய இடத்தில் இரண்டு மனுவாய்ப் போனால், மனுவைப் பெறும் அதிகாரிக்கு அதைவிட இனிப்பான செய்தி வேறில்லை.

செய்யக்கூடியது உண்டு. லயங்களுக்குப் பதிலாகக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கொள்கையைப் பல அரசாங்கங்கள் ஏற்றுப் பேசியிருக்கின்றன. அதற்கு நில அளவை நடக்கவேண்டும், வரைபடம் கீறப்படவேண்டும். அந்த வரைபடத்தில் வீடும் பாதையும் தண்ணீர்த் தாங்கியும் குறிக்கப்படும்போது, கல் நிற்கும் இடமும், காமன் நடும் இடமும், அவற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் தனித் துண்டாகக் குறிக்கப்படவேண்டும். அத்துண்டுக்கு நம்பிக்கைப் பொறுப்பாளர் பெயரில் அளிப்புப் பத்திரம் வேண்டும். 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் கோயில்களுக்கு இடமளிக்கிறது. அதன் 107 ஆம் பிரிவு, எழுத்தில் நிறுவப்படாத தரும நம்பிக்கைப் பொறுப்பையும் சூழ்நிலைகளைக் கொண்டு நீதிமன்றம் உண்டெனக் கொள்ளலாம் என்கிறது. ஏடில்லாத எமது சாமிகளுக்கென்றே எழுதிவைத்தது போன்ற பிரிவு! ஆனால் நிலம் அரசிடமிருந்து வராதவரை அந்தப் பிரிவு வெறுங்கையை வீசுவதோடு நிற்கும். ஆதலால் முதலில் கேட்கவேண்டியது நிலம். பொறுப்பாளர்கள் அந்தப் பிரிவில் வாழும் எல்லாக் குடும்பங்களாலும் தெரிந்தெடுக்கப்படவேண்டும். பொங்கற்பானையைச் சுமக்கும் பெண்கள் பொறுப்பிலும் இருக்கவேண்டும். இதற்கிடையில் ஒவ்வொரு பிரிவிலும் கல்லின் பெயர், பூசை நாள், பாட்டு, பூசாரியின் பரம்பரை ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவிப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கல்லுக்கெல்லாம் காணி கொடுத்தால் தேயிலைக்கு நிலம் ஏது என்று கேட்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. அவர்களுக்காகக் கணக்கும் போட்டுப் பார்த்தோம். ஓர் ஏக்கருக்கு நூற்றறுபது பேர்ச். கல்லொன்றுக்கு இரண்டு பேர்ச் என்று தாராளமாகவே வைத்து, ஒரு தோட்டத்தில் ஐம்பது கல் உண்டென்று மிகையாகவே எண்ணினாலும், நூறு பேர்ச். முக்கால் ஏக்கரும் ஆகாது. பராமரிப்பாரின்றிக் காடாகிக் கிடக்கும் தேயிலை மலைகளைப் பார்த்தவர்கள், அந்த முக்கால் ஏக்கரை எங்கே தேடுவது என்று எம்மிடம் கேட்கமாட்டார்கள்.